கடைசி மாதிரிகள் பின்னணிக்குள் மறைந்தால்

ஃபுளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தைச் செலுத்தி வெகுநேரம் கழித்து எடுத்த இரத்தத்தைக் கதிர் எண்ணும் கருவியில் ஒரு நிமிடம் எண்ணினால் 130, வெற்றுக் குழாயில் சுற்றுப்புறக் கதிர்வீச்சு, அதாவது பின்னணி, 100 வருகிறது என்கிறீர்கள். கருவியைச் சந்தேகிக்க வேண்டாம், எண்ணும் நேரம்தான் போதவில்லை. பின்னணியைக் கழித்த நிகரம் 30, அதன் பிழை இரண்டு எண்ணிக்கையையும் கூட்டிய 230-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 15. நிகரத்தில் பாதி பிழையிலேயே போய்விட்டதே!

இரண்டையும் பத்து நிமிடம் எண்ணுங்கள். நிகரம் 300-ஐ நெருங்கும், பிழை 48தான். ஃபுளோரின்-18 பாதியாகச் சிதையும் நேரம், அதாவது அரை ஆயுள், 110 நிமிடம் என்பதால் எண்ணி முடிப்பதற்குள் 6 சதவீதம் சிதைந்திருக்கும்; அதையும் கணக்கில் திருத்துங்கள்.

அப்புறம், மருந்து ஏற்றிய நோயாளி பக்கத்தில் நடந்தாலே பின்னணி ஏறும். அதனால் வெற்றுக் குழாயை ஒருமுறை எண்ணிவிட்டு விடாமல், மாதிரிகளுக்கு நடுநடுவே வையுங்கள். எல்லாக் குழாயிலும் இரத்தத்தின் அளவு ஒன்றாகவே இருக்கட்டும்.