திபெத்தில் தலைகளை அளந்த புரூனோ பேகர் ஆஷ்விட்ஸில் என்ன செய்தார்?

நாஜிக் கொள்கைக்குத் தொண்டு செய்த ஜெர்மானிய இன ஆய்வாளர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புரூனோ பேகர்.

1911இல் ஹைடல்பெர்க்கில் பிறந்தவர். யேனா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் குந்தரிடம் படித்தார். வட ஐரோப்பியர்களை ‘நோர்டிக் இனம்’ என்பார்கள்; அந்த இனமே உயர்ந்தது என்று எழுதிப் பேர் வாங்கியவர் குந்தர். அப்புறம் பேகர் நாஜிக் கட்சியின் படையான எஸ்எஸ் அமைப்பில் சேர்ந்தார்.

1938இல் எர்ன்ஸ்ட் ஷேஃபர் தலைமையில் ஐந்து ஜெர்மானியர்கள் கல்கத்தா, சிக்கிம் வழியாகத் திபெத்துக்குப் போனார்கள். எஸ்எஸ் தலைவர் ஹிம்லரின் ஆதரவு பெற்ற பயணம் அது. பேகர் அங்கே 376 பேரை அளந்தார். மண்டையின் அகலம், மூக்கின் நீளம், கண்ணின் நிறம் எல்லாம் குறிப்பேட்டில் ஏறின. சிலருடைய முகத்தில் கலவையைப் பூசி அச்சும் எடுத்தார். திபெத்தியப் பிரபுக்களிடம் நோர்டிக் இனத்தின் சாயல் தெரிகிறதா என்று தேடினார். நோயோடு வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்; அந்த நம்பிக்கையில்தான் பலரும் அவர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

1943 ஜூனில் அளவுக் கருவிகளோடு, நாஜிகள் யூதர்களை அடைத்துக் கொன்ற ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் போனார். ஸ்ட்ராஸ்பூர்க்கில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஆகுஸ்ட் ஹிர்ட், யூத எலும்புக்கூடுகளைச் சேர்த்து வைக்கத் திட்டமிட்டிருந்தார். அதற்காகப் பேகர் அங்கே கைதிகளை அளந்தார்; அந்தப் பொறுக்கலில் 115 பேர் தேர்வானார்கள். அவர்களில் 86 யூதர்கள், 57 ஆண்களும் 29 பெண்களும், நாட்ஸ்வைலர் என்ற இன்னொரு நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டு, ஆகஸ்டில் நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். நோய்க்கு மருந்து வாங்கிக்கொள்ள வந்தவரின் தலையை அளப்பதும், சாகப்போகிறவரின் தலையை அளப்பதும் அந்த மனிதருக்கு ஒரே வேலையாக இருந்திருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறாத இடம் இது.

போர் முடிந்ததும் 1948இல் நாஜிகளைக் களையெடுக்க நடந்த விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டது. 1971இல்தான் பிராங்க்பர்ட் நீதிமன்றம், 86 கொலைகளுக்கு உடந்தை என்று மூன்றாண்டுத் தண்டனை கொடுத்தது. ஆனாலும் அந்தத் தண்டனைக்காகச் சிறைக்குப் போகாமலே தப்பினார்.

கொல்லப்பட்டவர்கள் யார் என்பது பல பத்தாண்டுகள் தெரியவில்லை. அவர்களின் உடல்கள் ஹிர்ட்டின் உடற்கூறியல் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே வேலை பார்த்த ஆன்றி ஆன்றிபியேர், உடல்களின் கையில் பச்சை குத்தியிருந்த எண்களை யாருக்கும் தெரியாமல் எழுதி வைத்திருந்தார். 107969 என்ற எண்ணுக்குரிய மெனாஹெம் தாஃபெல் ஒருவர்தான் வெகுகாலம் பெயரோடு அறியப்பட்டிருந்தார். பெர்லினில் பால் வியாபாரம் செய்தவர். பத்திரிகையாளர் ஹான்ஸ் யோவாஹிம் லாங் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு ஆவணம் ஆவணமாகத் தேடி, 86 பேரின் பெயர்களையும் கண்டுபிடித்தார். அவர்கள் புதைக்கப்பட்ட ஸ்ட்ராஸ்பூர்க் க்ரோனன்பூர்க் யூதக் கல்லறையில், 2005இல் அத்தனை பெயர்களையும் கல்லில் பொறித்து வைத்தார்கள். பேகர் அப்போது உயிரோடுதான் இருந்தார். 2009இல், 98 வயதில் இறந்தார்.