எந்த வானத்துக்கு எந்த ஃபில்டர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வானத்தைப் படம் எடுக்க, பல வருடங்களுக்கு முன்பு சிஎல்எஸ் வகை ஒளி மாசு ஃபில்டர் (நகர வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி) ஒன்று வாங்கினேன். அப்போதெல்லாம் வேளச்சேரி மொட்டை மாடியிலிருந்தே ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகம் பளிச்சென்று வரும். இப்போது அதே ஃபில்டர், அதே கேமராதான். ஆனால் வானம் வெளுத்துப்போய் வருகிறது. ஃபில்டர் கெட்டுவிட்டதா சார்?
(ஒரு வாசகர், வேளச்சேரி)

பதில்: ஃபில்டர் கெடவில்லை. உங்கள் தெருவிளக்கு மாறிவிட்டது.

முன்பு தெருவில் எரிந்தது மஞ்சள் சோடியம் விளக்கு. அதன் ஒளியில் பெரும்பகுதி 589 நானோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றியே இருக்கும் (ஒளியின் நிறத்தைத் தீர்மானிப்பது இந்த அலைநீளம்தான்). பாதரச விளக்கு என்றால் 436, 546, 578 என்று தனித்தனிக் கோடுகள். இப்படி ஓரிடத்தில் குவிந்திருக்கும் ஒளியை வெட்டுவது சுலபம். சிஎல்எஸ் செய்வது அதைத்தான். மஞ்சள் பகுதியை முழுசாக அடைத்துவிட்டு, நீலப்பச்சையில் ஒரு அகலமான சன்னலையும் சிவப்பில் ஒரு சன்னலையும் திறந்து வைக்கிறது. நெபுலாவின் ஆக்சிஜன் ஒளியும் ஹைட்ரஜன் ஒளியும் அந்த இரண்டு சன்னல் வழியாகத்தான் வருகின்றன.

2015 ஜனவரியில் மத்திய அரசின் தேசியத் தெருவிளக்குத் திட்டம் தொடங்கிய பிறகு, ஊர் ஊராக வெள்ளை எல்இடி வந்துவிட்டது. வெள்ளை எல்இடிக்குள் இருப்பது 450 நானோமீட்டர் வாக்கில் ஒளிரும் ஒரு நீலச் சில்லு. அதன் மேல் பூசிய மஞ்சள் பூச்சு, பச்சையிலிருந்து சிவப்பு வரை பரந்த ஒளியைக் கொடுக்கிறது. கோடு கோடாக இல்லாமல் ஒரே பட்டையாக வரும் ஒளி அது. சிஎல்எஸ் அதில் ஒரு பங்கைத் தடுக்கும். மிச்சம், நெபுலாவுக்காகத் திறந்து வைத்த அதே சன்னல் வழியாக உள்ளே வந்துவிடும்.

உங்கள் தெருவில் எரிவது எந்த விளக்கு என்று உறுதி செய்ய ஒரு பழைய சிடி போதும். அதைச் சாய்த்துப் பிடித்து, விளக்கின் பிரதிபலிப்பு வானவில்லாக விரியும் கோணத்தைத் தேடுங்கள். சோடியம் என்றால் மஞ்சள் ஓங்கி, இடையிடையே இருட்டு தெரியும். எல்இடி என்றால் நிறங்கள் தொடர்ச்சியாக இருக்கும், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் மட்டும் 480 வாக்கில் மங்கலான ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் நமக்குக் கிடைத்த சலுகை. ஹைட்ரஜன் பீட்டா எனும் நீலப்பச்சைக் கோட்டின் 486.1 கிட்டத்தட்ட அதற்குள்ளேயே விழுகிறது. ஆக்சிஜனின் 495.9, 500.7 கோடுகளும் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. ஹைட்ரஜன் ஆல்ஃபா எனும் சிவப்புக் கோட்டின் 656.3க்கு வரும்போது எல்இடியின் ஒளி இறங்குமுகத்தில் இருக்கும்.

ஆகவே நகரத்து எல்இடி வானத்தில் நெபுலா எடுக்க இன்றைக்குச் சரியானது டூயல் நேரோபேண்ட் ஃபில்டர், சுருக்கமாக டூயல் பேண்ட். ஆக்சிஜனைச் சுற்றி 7 நானோமீட்டர், ஹைட்ரஜன் ஆல்ஃபாவைச் சுற்றி 7 நானோமீட்டர், இவ்வளவுதான் உள்ளே விடும். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய 400 முதல் 700 வரை, அதாவது 300 நானோமீட்டர். அதில் 14 மட்டும் உள்ளே வருகிறது. வானத்து வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகக் குறையும், நெபுலாவின் ஒளி அநேகமாக முழுசாக வந்து சேரும். சிஎல்எஸ்ஸை விற்றுவிட்டு இதற்கு மாறுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

இன்னொன்று. பக்கத்து மாடி ஃப்ளட் லைட் நேராக லென்ஸுக்குள் அடித்தால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது. எங்கள் குரோம்பேட்டை வீட்டுக்கு எதிர் வீட்டில் அப்படி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மாவை மாடிக்குக் கூட்டி வந்து, லேப்டாப்பில் குதிரைத்தலை நெபுலாவைக் காட்டினேன். "இது நம்ம மாடிக்கு மேலயா இருக்கு?" என்று ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாளே விளக்கு தரையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. கேட்டுப் பாருங்கள். படத்தைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: டூயல் பேண்ட் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எல்-என்ஹான்ஸ், எல்-எக்ஸ்ட்ரீம், எல்-அல்டிமேட், ஆன்ட்லியா 5 நானோமீட்டர் என்று தலை சுற்றுகிறது. குறுகலாக இருந்தால் நல்லது என்கிறார்கள் நண்பர்கள். என்னிடம் இருப்பது சம்யாங் 135 எம்எம் எஃப்/2 லென்ஸ், குளிரூட்டும் கலர் கேமரா.
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது டெலஸ்கோப்புக்குப் பொருந்தும். உங்கள் லென்ஸுக்குப் பொருந்தாது.

இந்த ஃபில்டர்கள் மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்தவை. ஒளி நேராக விழுந்தால்தான் எழுதியிருக்கும் அலைநீளத்தில் வேலை செய்யும். சாய்ந்து விழுந்தால் சன்னல் நீலப் பக்கம் நகர்ந்துவிடும். எஃப் எண் சிறியதாக ஆக ஒளி அதிகம் சாய்ந்து வரும். எஃப்/5 டெலஸ்கோப்பில் ஒளிக் கூம்பின் விளிம்புக் கதிர் 6 டிகிரிக்கும் குறைவாகத்தான் சாய்கிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் நகர்வு ஒரு நானோமீட்டரைத் தொடாது. எஃப்/2 லென்ஸில் சாய்வு 14 டிகிரி. விளிம்புக் கதிர்களுக்குச் சன்னல் நாலைந்து நானோமீட்டர் நகர்ந்துவிடும். 3 நானோமீட்டர் அகலச் சன்னல் அவ்வளவு நகர்ந்தால் 656.3 அதற்கு வெளியே நின்றுவிடும். நெபுலா ஒளியில் பெரும்பங்கை நீங்களே தடுத்த மாதிரி ஆகும்.

அதனால் 3 நானோமீட்டர் எல்-அல்டிமேட் உங்களுக்கு வேண்டாம். 7 நானோமீட்டர் எல்-எக்ஸ்ட்ரீம் வாங்கி, லென்ஸின் வாயை எஃப்/4க்குக் குறுக்கிப் பயன்படுத்துங்கள். வெளிச்சம் குறையும்தான். ஆனால் ஓரத்து நட்சத்திரங்களும் உருண்டையாக வரும், ஃபோகஸும் எளிதாகும். எஃப்/2விலேயே எடுத்தாக வேண்டும் என்றால், வேகமான லென்ஸுக்கென்றே சன்னலைச் சிவப்புப் பக்கம் முன்கூட்டித் தள்ளிச் செய்த ஃபில்டர்கள் தனியாக வருகின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

எல்-என்ஹான்ஸ் ஆக்சிஜன் பக்கம் 24 நானோமீட்டர் வரை அகலமானது. ஹைட்ரஜன் பீட்டாவையும் சேர்த்து உள்ளே விடும். நீங்கள் அடிக்கடி ஆனைமலைப் பக்கம் போய் எடுப்பவர் என்றால் அது போதும். நகரத்துக்குள் என்றால் அந்த அகலம் வழியாக எல்இடி நுழையும்.

கையில் ஃபில்டர் வந்ததும் முதல் வேலையாக ஓரியனின் இடுப்புப் பட்டைக்கு வையுங்கள். அல்நிடாக் பிரகாசமான நட்சத்திரம், குதிரைத்தலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டம் விழுந்தால் ஃபில்டரைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். அப்போதும் விழுந்தால், மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் கடைக்காரரிடம் சொல்லி மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆண்ட்ரோமீடா கேலக்ஸியை திருச்சி நகரத்துக்குள்ளிருந்து எடுக்க ஆசை. எந்த ஃபில்டர் போடட்டும்?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: எதுவும் போட வேண்டாம்மா. ஃபில்டருக்கு வைத்திருக்கும் பணத்தை வண்டி வாடகைக்கு வையுங்கள்.

நெபுலா குறிப்பிட்ட சில நிறங்களில் மட்டும் ஒளிர்கிறது. கேலக்ஸி அப்படியில்லை. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலிருந்து வருவது கோடானுகோடி நட்சத்திரங்களின் வெளிச்சம், எல்லா நிறமும் அதில் உண்டு. எல்இடியிலும் எல்லா நிறமும் உண்டு. அரிசியில் கல் கிடந்தால் பொறுக்கலாம், அரிசியோடு அரிசி கலந்துவிட்டால் எதைப் பொறுக்குவது? ஃபில்டர் இரண்டையும் சேர்த்துத்தான் வெட்டும். போதாக்குறைக்கு நட்சத்திரங்களின் நிறமும் கெடும். கிருத்திகையைச் சுற்றியுள்ள நீலப் புகை போன்ற பிரதிபலிப்பு நெபுலாவுக்கும் இதே கதைதான். தனுசு ராசியில் இருக்கும் ட்ரிஃபிட் நெபுலாவை எடுத்தால் கண்கூடாகத் தெரியும். சிவப்பும் நீலமும் ஒட்டியே இருக்கும் அழகான பொருள் அது. டூயல் பேண்ட் போட்டால் சிவப்புப் பாதி பிரமாதமாக வரும், நீலப் பாதி காணாமல் போகும்.

வண்டி வாடகை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வானத்தின் இருட்டை ஒரு சதுர வில்விநாடிக்கு (வானத்தின் மிகச் சிறு துண்டுக்கு) எத்தனை மேக்னிட்யூட் என்று அளப்பார்கள். எண் கூடினால் இருட்டு கூடும். நெரிசலான நகரத்தில் 18 வாக்கில் இருக்கும், நல்ல கிராமத்து வானம் 21ஐத் தொடும். மூன்று மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் நகர வானம் 16 மடங்கு பிரகாசம். மங்கலான கேலக்ஸிக் கரங்களைப் பொறுத்தவரை, கிராமத்தில் ஒரு மணி நேரம் எடுத்த படத்துக்கு ஈடாக நகரத்தில் 16 மணி நேரம் எடுக்க வேண்டும். காவலூரில் வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறதே, அந்த இடத்தை சவ்வாது மலைக்குள் தேடிப் பிடித்ததற்கு இருட்டும் ஒரு காரணம். நமக்கும் அதே நியாயம்தான்.

பயணம் முடியவே முடியாது என்றால், ஆண்ட்ரோமீடா வானத்தில் மிக உயரத்தில் நிற்கும் நேரத்தில் மட்டும் எடுங்கள், சிறு சிறு எக்ஸ்போஷராக நிறைய எடுங்கள், கிராக்ஸ்பெர்ட் மென்பொருளில் பின்னணி வெளிச்சத்தை நீக்குங்கள். இலவசம்தான் அது. பல விலையுயர்ந்த ஃபில்டர்களைவிட அதிகம் உதவும்.

கேள்வி: சீஸ்டார் எஸ்50 ஸ்மார்ட் டெலஸ்கோப் வைத்திருக்கிறேன். தனியாக ஃபில்டர் தேவையா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: தேவையில்லை. அதற்குள்ளேயே டூயல் பேண்ட் ஃபில்டர் இருக்கிறது. ஒளிரும் நெபுலாவுக்குப் போடுங்கள், கேலக்ஸிக்கும் நட்சத்திரக் கொத்துக்கும் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மாற்றம் எதுவும் செய்யாத சாதாரண டிஎஸ்எல்ஆரில் டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டால் பலன் உண்டா? வெளிச்சத்தைக் குறைக்கிறதே, அதைப் போட்டு சூரியனையும் எடுக்கலாமா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். கூடவே கூடாது. இந்த ஃபில்டர் சூரியனுக்கானது அல்ல. கேமரா போகும், வ்யூஃபைண்டரில் பார்த்தால் கண்ணே போகும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள்.

முதல் கேள்விக்கு வருவோம். சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் கம்பெனியே ஒரு கண்ணாடி வைத்திருக்கும். தோல் நிறம் இயல்பாக வருவதற்காக ஆழ்சிவப்பைக் குறைக்கும் கண்ணாடி. ஹைட்ரஜன் ஆல்ஃபாவில் கால் பங்குதான் அதைத் தாண்டிப் போகும். போதாததற்கு கலர் சென்சாரில் நான்கில் ஒரு பிக்சல்தான் சிவப்புக்கானது. இந்த நிலையில் விலை உயர்ந்த ஃபில்டரைப் போட்டால் ஆக்சிஜன் வரும், சிவப்பு தவித்து நிற்கும். ஓரியன், லகூன் போன்ற பிரகாசமானவை பரவாயில்லை. ரோசெட், என்ஜிசி 7000 மாதிரி மங்கலான நெபுலாக்கள் எல்லாம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

என் யோசனை: பணத்தை முதலில் கேமராவை மாற்றியமைக்கச் செலவிடுங்கள். அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் வேறு கண்ணாடி பொருத்துவார்கள். வாரண்டி போய்விடும் என்பதால், பழைய கேமரா ஒன்றை இதற்கென்றே ஒதுக்குவது நல்லது. ஃபில்டர் அப்புறம்.

கேள்வி: ஃபில்டர் போட்டதிலிருந்து படம் முழுக்க ஒருமாதிரி பச்சையும் நீலமுமாக வருகிறது. நடுவில் வட்ட வட்டமாக அழுக்கு வேறு.
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: நிறத்துக்குப் பயப்பட வேண்டாம், ஃபில்டர் மஞ்சளை எடுத்துவிட்டால் அப்படித்தான் தெரியும். சிஎல்எஸ், எல்-ப்ரோ மாதிரி அகலமானவை என்றால் ரா கோப்புகளை சிரில் என்ற மென்பொருளில் அடுக்கி (பல படங்களை ஒன்றாகச் சேர்த்து), நட்சத்திர நிறங்களை வைத்துச் சரிசெய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். டூயல் பேண்ட் என்றால் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிரிப்ட் அதிலேயே இருக்கிறது.

அழுக்கு வட்டங்கள் தூசியின் நிழல். ஃபிளாட் (சமமான வெளிச்சத்தை மட்டும் எடுக்கும் திருத்தப் படம்) எடுக்காமல் அவை போகாது. ஃபில்டர் எப்படி இருந்ததோ அப்படியே, ஃபோகஸையும் தொடாமல் எடுக்க வேண்டும். துவைத்த வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து டெலஸ்கோப் வாயில் சுருக்கமில்லாமல் கட்டி, விடிந்தும் விடியாத வானத்தைப் பார்த்து எடுத்தால் அருமையாக வரும். ஃபில்டரைச் சட்டை நுனியால் மட்டும் துடைக்காதீர்கள். காற்று ஊதி, பிறகு லென்ஸ் டிஷ்யூ. மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள், பூஞ்சை பிடித்தால் பூச்சு திரும்ப வராது.

கேள்வி: நான் கல்லூரி முதலாண்டு மாணவி. அப்பாவின் டிஎஸ்எல்ஆரும் 50 எம்எம் லென்ஸும் இருக்கின்றன. வானத்தின் சுழற்சியோடு கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லை. முதல் ஃபில்டராக எதை வாங்கலாம் சார்?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஃபில்டர் ஒளியைக் குறைக்கும், அதற்கு நீண்ட எக்ஸ்போஷர் வேண்டும், அதற்கு டிராக்கர் வேண்டும். வாங்குவதென்றால் முதலில் டிராக்கர்தான்.

ஆனால் உங்கள் ஊருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கன்னியாகுமரிப் பக்கம் கடற்கரையில் தெற்கே பார்த்து நின்றால், எதிரே கடல் மட்டும்தான். அந்தத் திசையில் வெளிச்சம் கக்கும் நகரமே கிடையாது. ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் கரீனா நெபுலா அங்கே சுமார் 22 டிகிரி உயரத்தில் நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு அது தொடுவானத்தில்கூடச் சரியாக எழாது. வானத்தின் தென்துருவத்தை நெருங்கி இருப்பதால் அது வானத்தில் நகர்வதும் மெதுவாகத்தான். ஓரியனுக்கு 5 விநாடி கொடுக்கும் 50 எம்எம் லென்ஸில், கரீனாவுக்கு 10 விநாடி கொடுக்கலாம்.

ரா, ஐஎஸ்ஓ 1600, எஃப்/2.8, 10 விநாடி, ஃபோகஸ் கையால், நூற்றுக்கணக்கில் படங்கள். பத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவைத் திருப்பி நெபுலாவை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். உப்புக்காற்று லென்ஸில் படியும், இடையிடையே டார்ச் அடித்துப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அடுக்கிய பிறகு படத்தை அனுப்புங்கள், அடுத்து என்ன வாங்கலாம் என்று அதைப் பார்த்தே சொல்கிறேன்.