மூல நிரல் மாறவில்லை. கோப்பு ஏன் மாறுகிறது?

கேள்வி: ஆம்பூரில் ஒரு காலணிக் கடைக்காக சி மொழியில் பில் போடும் நிரல் எழுதியிருக்கிறேன். மூல நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஜிசிசி கம்பைலரில் மறுபடி கம்பைல் செய்தாலும், விண்டோஸ் கோப்பின் ஹேஷ் மதிப்பு மாறிவிடுகிறது. வைரஸ் புகுந்திருக்குமோ?
— வாசகர், பேரணாம்பட்டு

பதில்: இதை மட்டும் வைத்து வைரஸ் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஓர் எண். ஒரே ஒரு பைட் மாறினாலும் ஹேஷ் முழுவதும் மாறிவிடும். எவ்வளவு மாறியது என்பதை அது சொல்லாது. விண்டோஸில் உள்ள 'எஃப்சி' கட்டளையை '/பி' தெரிவோடு கொடுத்து இரு கோப்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சில பைட்டுகள்தான் வேறுபடும்.

அவற்றில் முதலாவது, கம்பைல் ஆன துண்டுகளை (ஆப்ஜெக்ட் கோப்புகளை) இணைத்து இறுதிக் கோப்பை உருவாக்கும் லிங்கர் பதிக்கும் நேரமுத்திரை. கோப்பின் தொடக்கப் பகுதியில் 'பி', 'இ' என்ற எழுத்துகள் தொடங்கும் இடத்திலிருந்து 8 பைட் தள்ளி, 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கை 4 பைட்டுகளில் இருக்கும். இரண்டு நிமிடம் கழித்துக் கம்பைல் செய்தால் அந்த எண் 120 கூடியிருக்கும்; கோப்பின் சரிபார்ப்புத் தொகையும் அதனோடு சேர்ந்து மாறக்கூடும். நிரலில், கம்பைல் செய்யும் தேதியையும் நேரத்தையும் தரும் டேட், டைம் மேக்ரோக்களைப் பயன்படுத்தியிருந்தால் அங்கும் நேரம் பதிந்திருக்கும். பிழைதிருத்தத் தகவலோடு கம்பைல் செய்தால் கோப்புறையின் முழுப் பாதையும் உள்ளே போய்விடுவதால், காட்பாடியில் கல்லூரி ஆய்வகத்தில் உருவாக்கியதும் வீட்டில் உருவாக்கியதும் ஒன்றாக இருக்காது. ஆப்ஜெக்ட் கோப்புகள் லிங்கருக்குப் போகும் வரிசை மாறினாலும் இதே கதைதான்.

இதைச் சிறு விஷயமாக ஒதுக்கிவிடக் கூடாது என்பதே என் கருத்து. மூல நிரலில் சுவடே இல்லாமல் கம்பைலரே கள்ளவழி ஒன்றைச் செருக முடியும் என்று யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான கென் தாம்ப்சன் 1984-இலேயே விளக்கினார். யார் கம்பைல் செய்தாலும் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்பு கிடைக்குமானால், வெளியிட்ட கோப்பு வெளியிட்ட மூல நிரலிலிருந்துதான் வந்ததா என்பதை எவரும் சரிபார்க்கலாம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் குழுவினர் 2013 முதல் இதற்காகவே உழைத்து வருகிறார்கள்.

உங்கள் லிங்கருக்கு 'நோ-இன்சர்ட்-டைம்ஸ்டாம்ப்' தெரிவைக் கொடுங்கள். மேக்ரோக்களின் நேரத்தை 'சோர்ஸ்_டேட்_ஈபாக்' சூழல் மாறி நிலைநிறுத்தும். பாதையை மறைக்க ஜிசிசி 8 முதல் 'எஃப்ஃபைல்-ப்ரிஃபிக்ஸ்-மேப்' தெரிவு இருக்கிறது. கம்பைலரின் பதிப்பு எண்ணையும் மூல நிரலோடு குறித்து வையுங்கள்; பதிப்பு மாறினால் இயந்திரக் கட்டளைகளே மாறலாம், அப்போது இந்தத் தெரிவுகள் எதுவும் கைகொடுக்காது.