டயரில் பூசினால் பிசுபிசுக்கிறது, வாளியில் பூசினால் உரிகிறது
தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கே: பஞ்சர் கடையில் மூன்று பழைய கார் டயர் வாங்கி, கீழே இரண்டு, மேலே ஒன்று என்று அடுக்கித் தவளை செய்தோம். பச்சை எனாமல் அடித்து இருபது நாள் ஆகிறது. இன்னும் தொட்டால் விரலில் ஒட்டுகிறது, அங்கங்கே பழுப்புக் கறை வேறு. கடையில் மட்டமான பெயின்ட் கொடுத்துவிட்டார்களா?
- வாசகி, சத்துவாச்சாரி

ப: கடைக்காரர் மேல் தப்பில்லை. டயர் ரப்பரில் எண்ணெயும், வெடிப்பு விழாமல் இருக்கச் சேர்த்த மெழுகும் உண்டு. டயர் பழசானாலும் இவை உள்ளிருந்து கசிந்து மேலே வந்தபடியே இருக்கும். எனாமலும் எண்ணெய் சேர்ந்த பெயின்ட். இரண்டும் கலந்தால் காயவே காயாது. பழுப்புக் கறையும் அந்தக் கசிவுதான். அப்படியே காய்ந்தாலும் எனாமல் படலம் விறைப்பானது, குழந்தைகள் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கினால் வெடித்துவிடும்.

இப்போது இருப்பதன் மேலேயே இன்னொரு கோட்டிங் கொடுக்காதீர்கள். கம்பி பிரஷ்ஷால் முடிந்தவரை சுரண்டி எடுங்கள். சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். பிறகு தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு ஏறுவது குறையும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். இதை வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. அடுத்து வெளிச்சுவருக்கான அக்ரிலிக் பிரைமர் ஒரு கோட்டிங், அது காய்ந்ததும் தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டான வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட்டிங். ஒரு கார் டயருக்குச் சுமார் 150 மில்லி எமல்ஷன் பிடிக்கும், தவளைக்கு அரை லிட்டர் போதும்.

நேரமும் முக்கியம். வேலூர் கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் டயரில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் அடித்தால் பெயின்ட் பிடிக்கும் முன்பே மேலாகக் காய்ந்து, பிரஷ் கோடு கோடாக நிற்கும். காலை ஆறிலிருந்து எட்டு, இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு.

டயர்களை இணைக்க 8 மி.மீ. போல்ட்டும் அகலமான வாஷரும் போடுங்கள். ஓட்டை பக்கச் சுவரில்தான் போட வேண்டும், தரையில் உருளும் பகுதியில் எஃகுக் கம்பி வலை இருக்கும், டிரில் பிட் மழுங்கிவிடும். ரப்பரில் போட்ட ஓட்டை சுருங்கும். ஆகவே 10 மி.மீ. பிட் எடுத்து, சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டு துளையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். டயரை எப்படி வைத்தாலும் அதன் குழிவில் மழைத் தண்ணீர் நிற்கும். டெங்கு கொசுவுக்கு அது தொட்டில். கொசு முட்டை காய்ந்த டயரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், அடுத்த மழைக்குப் பொரியும். மேல் டயர் உட்பட ஒவ்வொன்றின் அடிப்பக்கச் சுவரிலும் அரை அங்குல ஓட்டை ஆறு போட்ட பிறகே பெயின்ட் டப்பாவைத் திறங்கள்.

கே: தோல் தொழிற்சாலைகளில் கழித்த நீல நிற டிரம்கள் இங்கே சல்லிசாகக் கிடைக்கின்றன. படுக்கை வாட்டில் அறுத்து, யானை உருவம் வரைந்து, கீரை விதைக்கலாமா?
- வாசகர், ராணிப்பேட்டை

ப: கூடாது. டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று காயலான் கடைக்காரருக்கே தெரியாது. அமிலமாக இருக்கலாம், சாயமாக இருக்கலாம், தோலுக்கு மெருகேற்றும் கரைப்பானாக இருக்கலாம். பிளாஸ்டிக் இவற்றில் கொஞ்சத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும், கழுவினால் போகாது. கரைப்பான் ஆவி தங்கிய டிரம்மில் கிரைண்டர் வைத்தால் வெடிக்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்வதும் வேண்டவே வேண்டாம், தோலில் முடி நீக்கப் பயன்படும் சல்பைடு உள்ளே மிச்சம் இருந்தால் ஆளைச் சாய்க்கும் விஷவாயு கிளம்பும். யானைதான் வேண்டும் என்றால் உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்ததை மட்டும் வாங்குங்கள். அதிலும் வழவழப்பான பிளாஸ்டிக்கில் பெயின்ட் நிற்காது. 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கே: பதினைந்து கிலோ எண்ணெய் டின்னுக்கும் பழைய ஜிங்க் வாளிக்கும் ஒரே நாளில் ஒரே எனாமல் அடித்தேன். டின் அப்படியே இருக்கிறது, வாளி மட்டும் ஏடு ஏடாக உரிகிறது. ஏன்?
- வாசகர், காட்பாடி

ப: எனாமலில் உள்ள எண்ணெய்ப் பிசின், ஜிங்க் பூச்சோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலமாகிவிடும். அதன் மேல் பெயின்ட் எப்படி நிற்கும்? ரெட் ஆக்சைடு அடித்தாலும் இதே கதிதான். உரித்து எடுத்து, வினிகரால் துடைத்து அரை மணி விட்டுக் கழுவிக் காயவையுங்கள். ஹார்டுவேர் கடையில் எட்ச் பிரைமர் கேட்டு வாங்கி ஒரு கோட்டிங் அடித்த பிறகு எனாமல் அடிக்கலாம்.

டின் நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது உள்ளிருந்து, அடி மூட்டில்தான் துருப்பிடிக்கும். உள்ளேயும் ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டிங் கொடுத்து, மண்ணை நேராகக் கொட்டாமல் நாற்றுப் பையோடு செடியை இறக்கி வையுங்கள். கோடையில் வேர் வேகாமல் இருக்கவும் அந்த இடைவெளி உதவும்.

கே: மண் தொட்டியில் அடித்த பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்புகிறது. வேலூர் பக்கத்துக் கரிகிரியில் செய்யும் பளபளப்பான ஜாடிகளும் உடைந்து கிடக்கின்றன. அவற்றுக்கும் பெயின்ட் அடிக்கலாமா?
- வாசகி, குடியாத்தம்

ப: தொட்டிக்கு உள்ளே ஊற்றும் தண்ணீர் சுவர் வழியாக வெளியேறப் பார்க்கிறது, பெயின்ட் மறிக்கிறது. உப்புத் தண்ணீராக இருந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூத்தும் வரும். தொட்டி நன்றாகக் காய்ந்த பிறகு உள்பக்கம் வாட்டர்புரூஃப் பூச்சு அடித்துவிட்டு, வெளியே எமல்ஷன் அடியுங்கள். அடியில் உள்ள ஓட்டை மட்டும் அடைபடக் கூடாது.

கரிகிரி ஜாடிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், பாவம். அந்த நீலமும் பச்சையும் சூளையில் வெந்த நிறம், எந்த வெயிலுக்கும் வெளுக்காது. சாக்குக்குள் வைத்துச் சுத்தியால் தட்டி, ஓரங்களைக் கல்லில் தேய்த்துக் கூர் மழுக்குங்கள். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல் கலந்து மண் தொட்டியின் வெளிப்புறத்தில் அரை அங்குலம் பூசி, ஈரம் இருக்கும்போதே சில்லுகளைப் பதியுங்கள். தொட்டியை முன்கூட்டியே நனைக்காவிட்டால் அது கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், சில்லு கழன்று விழும். ஏழு நாள் ஈரச் சாக்கு சுற்றி நிழலில் வையுங்கள்.