300 பிளானில் 94-லேயே நிக்குதா? கேபிளைப் பாருங்க

வணக்கம் நண்பரே. 300 எம்பிபிஎஸ் இன்டர்நெட் பிளான், லேன் கேபிள் போட்டும் ஸ்பீடு 94-ஐத் தாண்டலைன்னு எழுதியிருக்கீங்க. அந்த 94-தான் துப்பே. 100 எம்பிபிஎஸ் லிங்க்ல (கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல இருக்கிற இணைப்பு) கையில கிடைக்கிறது ஏறக்குறைய அவ்வளவுதான். கம்பெனிக்காரங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் நெட்வொர்க் செட்டிங்ல லிங்க் ஸ்பீடு 100-ன்னு காட்டுதா பாருங்க.

ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ் லிங்க்குக்கு, கேபிள்ல எட்டுக் கம்பியும் (நாலு ஜோடி) வேலை செய்யணும். ஒரு ஜோடி போனாலே பெரும்பாலும் 100-க்கு இறங்கிடும். எங்க வீட்ல கதவிடுக்குல நசுங்கின கேபிள் ஒரு மாசம் படுத்தி எடுத்துச்சு. மேல பார்த்தா ஒரு கீறல்கூட இல்லை!

வேற கேட்5இ கேபிள் (ஜிகாபிட் தாங்குற ரகம்) மாத்திப் பாருங்க. அப்பவும் 100-தான்னா, ரவுட்டர் போர்ட்டோ கம்ப்யூட்டர் போர்ட்டோ 10/100 ரகமா, அதாவது 100-க்கு மேல போகாததா இருக்கும்; மலிவு ரவுட்டர்கள்ல இது சகஜம். மாத்தின பிறகு லிங்க் ஸ்பீடு என்ன காட்டுதுன்னு சொல்லுங்க.