மூக்குக்கண்ணாடி போடுகிறவர் கடலுக்கடியில் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஸ்நார்க்கலிங் செய்ய ஆசை. எங்க வீட்டுக்காரர் சின்ன வயதிலிருந்தே தாமிரபரணியில் குறுக்குத்துறையில் நீந்தியவர். எனக்கு நீச்சல் அரைகுறை, கண்ணுக்கு மைனஸ் மூன்றரை பவர். பையனுக்குப் பத்து வயது. டூர் ஏஜென்ட் முகம் முழுக்க மூடுகிற மாஸ்க் மூன்று செட் 6,000 ரூபாய்க்குத் தருவதாகவும், அதைப் போட்டால் நீச்சலே தெரிய வேண்டாம் என்றும் சொல்கிறார். வாங்கலாமா? வேறு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?
– வாசகி, வண்ணார்பேட்டை, திருநெல்வேலி

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் சண்டை போட்டாவது திருப்பி வாங்குங்கள்.

ஸ்நார்க்கலிங் என்றால் தண்ணீர் மேல் குப்புற மிதந்துகொண்டு, வாயில் ஒரு குழாயைக் கவ்வி மூச்சு விட்டபடி கீழே பார்ப்பது. அவ்வளவுதான். அதற்கு வேண்டியது முகத்துக்குப் பொருந்துகிற ஒரு மாஸ்க், சாதாரணமான ஒரு குழாய். முகம் முழுக்க மூடுகிற வகையில் வாய், மூக்கு எல்லாம் ஒரே கூட்டுக்குள் போய்விடும். நல்ல தயாரிப்பில் உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் தனித்தனி வழி, வால்வு எல்லாம் உண்டு. அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கில் அது சரியாக வேலை செய்யாது. நாம் விட்ட மூச்சையே நாமே திரும்ப இழுப்போம். முதலில் தலை கனக்கும், அப்புறம் மயக்கம் வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சாதாரணக் குழாய் என்றால் பயந்த நொடியில் வாயைத் திறந்து துப்பிவிடலாம். இதில் தலையைச் சுற்றி இறுக்கிய பட்டைகளைக் கழற்றினால்தான் காற்று.

‘நீச்சல் தெரிய வேண்டாம்’ என்று சொல்கிறவர் அந்தமானில் உங்கள் கூடத் தண்ணீரில் இறங்கப் போவதில்லை. ஜங்ஷனில் கமிஷனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விடுவார். அவர் பேக்கேஜில் ‘ஸ்நார்க்கலிங் இலவசம்’ என்று போட்டிருப்பார், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு ஆள் உங்களை ரப்பர் வளையத்தில் பிடிக்க வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் இழுத்துக்கொண்டு போய்த் திரும்புவதாக இருக்கும். அதற்குமேல் நின்றால் தனிக் காசு, போட்டோவுக்குத் தனிக் காசு. எத்தனை நிமிடம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், பையன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் உண்டா? இந்த மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது படகு ஏறும்போது இருக்காது.

மாஸ்க் வாங்குகிற கதைக்கு வருவோம். கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடுவதாக இருக்க வேண்டும். நீச்சல் குளத்துக் கண்ணாடி வேண்டாம். அதில் மூக்கு வெளியே இருப்பதால் கொஞ்சம் ஆழம் போனாலும் கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும், மூக்கு வழியாகக் காற்று விட்டுச் சமன் செய்ய வழியில்லை. கண்ணாடியின் ஓரத்தில் ‘டெம்பர்ட்’ (உடைந்தாலும் கூராகச் சிதறாத வகை) என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா பாருங்கள். சுற்றியுள்ள ரப்பர் சிலிக்கானாக, காது மடல் போல மெத்தென்று இருக்க வேண்டும். புதுச் செருப்புக் கடை வாசம் அடித்தால் அது பிளாஸ்டிக், வைத்துவிடுங்கள்.

பொருந்துகிறதா என்று பார்க்க: பட்டையைப் போடாதீர்கள். தலைமுடியை முழுதாக ஒதுக்கிவிட்டு, மாஸ்க்கை முகத்தில் மெதுவாக வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்துப் பிடியுங்கள். கையை எடுங்கள். குனியுங்கள். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் மாஸ்க். விழுந்தால் என்ன விலையானாலும் அது உங்களுடையது இல்லை. பட்டையை இறுக்கினால் சரியாகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். இறுக்க இறுக்க ரப்பர் மடங்கி அதிகமாகத்தான் ஒழுகும். உங்கள் வீட்டுக்காரருக்கு மீசை இருந்தால் அது வழியாகத் தண்ணீர் கசியும். மீசையை எடுக்கச் சொன்னால் நம்மூர்க்காரர் கோபப்படுவார். மூக்குக்குக் கீழே ஒரு நூல் அகலம் கத்தரித்தால் போதும். மூன்று பேர் முகமும் மூன்று விதம். ‘ஃபேமிலி செட்’ என்று ஒரே அளவில் விற்பது ஏமாற்று.

உங்கள் பவர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். முதல் தடவை கடலில் இறங்கியபோது பழைய மூக்குக்கண்ணாடியின் இரண்டு காதுக்கம்பியையும் உடைத்து, முன்பக்கத்தை மட்டும் பிளாஸ்திரி போட்டு மாஸ்க்குக்குள் ஒட்டிக்கொண்டேன். பெரிய விஞ்ஞானி என்று நினைப்பு. இரண்டாவது நிமிடம் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பனி மூடியது. மூன்றாவது நிமிடம் பிளாஸ்திரி விட்டு, கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. கீழே மீன் போனதா திமிங்கிலம் போனதா தெரியாது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே மாஸ்க் போடலாம் என்றால் அதுவும் ஆகாது, காதுக்கம்பி போகிற இடம் ஓட்டையாகிவிடும்.

வழி இருக்கிறது. பவர் லென்ஸ் மாட்டிய மாஸ்க்குகள் கடையிலேயே கிடைக்கும், மைனஸ் ஒன்றிலிருந்து அரை அரையாகக் கூடிக்கொண்டு போகும். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் என்றால் இடது வலது தனித்தனியாக மாற்றுகிற மாதிரி இரட்டைக் கண்ணாடி வகையைக் கேளுங்கள். ஒற்றைக் கண்ணாடி வகையில் இது முடியாது. உங்கள் அளவு கிடைக்காவிட்டால் அரை பவர் குறைத்து எடுங்கள், கூட்டி எடுக்காதீர்கள். மாஸ்க் வழியாகத் தண்ணீருக்குள் பார்க்கும்போது பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, கொஞ்சம் கிட்டத்தில் தெரியும். அதனால் ஒன்று ஒன்றரை பவர்க்காரர்கள் லென்ஸ் இல்லாமலே சமாளிப்பார்கள். மூன்றரைக்கு லென்ஸ் வேண்டும். கண் டாக்டர் சீட்டில் ‘சில்’ என்று சிலிண்டர் பவர் எழுதியிருந்தால், அது சின்னதாக இருக்கும்போது விட்டுவிடலாம். பெரிதென்றால் தயார் லென்ஸில் வராது. மாஸ்க்கின் கண்ணாடிக்கு உள்பக்கம் உங்கள் பவரைத் தேய்த்து ஒட்டித் தரத் தெரிந்த கண்ணாடிக்கடையைத் தேட வேண்டும். அதற்கு நாளாகும், ஜனவரிக்கு இப்போதே கிளம்புங்கள். ஏற்கெனவே காண்டாக்ட் லென்ஸ் பழகியவர் என்றால் ஒருநாள் போட்டுத் தூக்கி எறிகிற வகையைப் போடலாம். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், கரையேறியதும் லென்ஸை எறிந்துவிட வேண்டும். இந்தப் பயணத்துக்காகப் புதிதாகப் பழக வேண்டாம். இதெல்லாம் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாதவர்களுக்கு மட்டும். படிக்க மட்டும் கண்ணாடி போடுகிறவர் இந்தப் பத்தியையே மறந்துவிடலாம்.

மாஸ்க் புதிதென்றால் கண்ணாடியின் உள்பக்கம் தொழிற்சாலைப் பிசுக்கு இருக்கும். வெள்ளை பற்பசையால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் ஒவ்வொரு தடவை இறங்கும் முன்னும் உள்ளே எச்சில் தொட்டுத் தடவி அலசுங்கள், பனி பிடிக்காது. அருவருப்பாக இருந்தால் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு.

குழாயில் நீளமானது நல்லது என்று நினைக்க வேண்டாம். ஒன்றரை அடிக்குள் இருக்கட்டும். நீளம் கூடினால் பழைய காற்றுதான் உள்ளே சுற்றும். பல்லால் மெல்லக் கவ்வினால் போதும், கடித்தால் தாடை வலிக்கும். காலில் மாட்டுகிற துடுப்பான ஃபின்னை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். மாஸ்க்கும் குழாயும் சொந்தமாக இருக்கட்டும், ஊரார் வாயில் வைத்தது நமக்கெதற்கு.

பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். மாஸ்க்கைப் போட்டு, குழாயைக் கவ்விக்கொண்டு, அரை மணி நேரம் டிவி பாருங்கள். மூக்கை மறந்து வாயால் மூச்சு விடப் பழகத்தான் இது. அடுத்த நாள் ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தை முக்கி நிதானமாக நூறு மூச்சு. குழாய்க்குள் தண்ணீர் போனால் பயப்படாமல் ‘தூ’ என்று ஒரே ஊதல், மேலே பீச்சிக்கொண்டு போய்விடும். இது கைவந்த பிறகு நீச்சல் குளம்.

தாமிரபரணி வேண்டாம். நீங்கள் ஆற்றங்கரையிலேயே இருப்பதால் சொல்கிறேன். டவுன் பக்கம் சாக்கடை கலக்கிறது, அமலைச் செடி படர்ந்திருக்கிறது, மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று இறங்கிய பிறகுதான் தெரியும். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஆற்றில் பிள்ளைகள் போகிற செய்தியைப் படித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லித்தர மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. நான் ஒரு நீச்சல் குளத்தில் மாஸ்க்கோடு இறங்க அனுமதி கேட்டுப் போனபோது, ‘ரூல்ஸ்ல இல்ல’ என்றார்கள். எந்த ரூல்ஸ் என்றதற்குப் பதில் இல்லை. அதனால் நீங்கள் கட்டணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றித்தான் எனக்குக் கவலை, உங்களைப் பற்றி இல்லை. அரைகுறை நீச்சல்காரர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அடங்கி மிதப்பார். ஆற்று நீச்சல்காரர் தலையைத் தூக்கிக் கையை வீசி அடிப்பார், ஐந்து நிமிடத்தில் இரைக்கும், குழாய்க்குள் அந்த இரைப்பு அடங்காது. அவருக்கும் ஜாக்கெட் உண்டு, கூச்சம் வேண்டாம். பையனுடைய ஜாக்கெட்டில் தொடைக்கிடையே பட்டை இருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் மட்டும் காது வரை வந்தால் அது பெரியவர் அளவு. பிபி, இருதயக் கோளாறு, ஆஸ்துமா யாருக்காவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

முழுக்கை பனியன், முழங்காலுக்குக் கீழே வருகிற கால்சட்டை போடுங்கள். குப்புறக் கிடப்பதால் வெயில் பின்னங்காலைத்தான் சுடும்.

அவ்வளவு தூரம் போவானேன், தூத்துக்குடியில் படகுக்காரரைப் பிடித்துத் தீவுக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் 21 தீவுகள், 1986இல் தேசியப் பூங்கா ஆனவை. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது. ‘நான் பார்த்துக்கிறேன் அண்ணாச்சி’ என்கிற தரகர் பிடிபட்டால் நழுவிவிடுவார், அபராதம் உங்கள் தலையில். பவளத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதில் மறுபேச்சில்லை. ஆனால் கொற்கை முத்துக்குப் பேர்போன கடற்கரைக்காரர்கள் முறையாக அனுமதி கேட்க எந்த ஜன்னலில் நிற்பது என்று எனக்கு இன்றுவரை யாரும் தெளிவாகச் சொன்னதில்லை. உவரி, இடிந்தகரை பக்கம் முயற்சியே வேண்டாம், அலை தூக்கிப் பாறையில் போடும்.

சுறா வருமா என்று பையன் கேட்கச் சொன்னானாம். கரையோரப் பவளத்திட்டில் அவன் பயப்பட வேண்டியது சுறாவுக்கு அல்ல, முட்டையைக் காவல் காக்கிற பெரிய கிளாத்தி மீனுக்கு. தட்டையான உடம்பும் தடித்த பல்லுமாக நேரே முறைத்துக்கொண்டு வரும். தன் கூட்டுக்கு மேலே தண்ணீர்ப் பரப்பு வரை உள்ள இடமெல்லாம் தனக்குச் சொந்தம் என்று அதற்கு நினைப்பு, மேலே போகப் போக அந்த எல்லை விரியும். அதனால் தலையைத் தூக்கி நின்று பார்க்காமல், ஃபின்னை அதன் பக்கம் நீட்டிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்துவிட வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பிஸ்கட் போட்டு மீனைக் கூப்பிடவும் கூடாது.