கொரோனா தொடங்கியபோது பயந்தவர்கள் சரியா, 'வெறும் காய்ச்சல்தான்' என்றவர்கள் சரியா? இனி இப்படி ஒன்று வந்தால் யாரை நம்புவது?

2020 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நடந்த சண்டைகளைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமான பதில் வேண்டுமென்றால், எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதில் பயந்தவர்கள் சரி, எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதில் அவர்களில் நிறையப் பேர் தப்பு. 'வெறும் காய்ச்சல்' கட்சிக்காரர்கள் சொன்னது பலிக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கையில் இருந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் பேச்சில்தான் நியாயம் இருப்பது போலத் தெரிந்தது. இதை யாரும் ஒழுங்காகப் பேசுவதில்லை, அதனால் இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா இருக்கிறார், கணக்குத் தணிக்கை வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் எண்ணோடுதான் பேசுவார். மார்ச் இரண்டாவது வாரம் அவர் போட்ட செய்தி இது: உலகத்தில் சாலை விபத்தில் வருடத்துக்கு 13.5 லட்சம் பேர் சாகிறார்கள், அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,700 பேர், இந்த வைரஸ் இரண்டு மாதத்துக்கு மேல் சுற்றியும் மொத்தச் சாவு 4,291, ஆகவே நீங்கள் எல்லோரும் முதலில் வண்டியை எடுப்பதை நிறுத்துங்கள். அதில் ஒரு எண்கூடப் பொய்யில்லை. 4,291 என்பது மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது உலக சுகாதார அமைப்பே சொன்ன எண்தான். எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? மூச்சை 10 விநாடி அடக்கிப் பார்த்து இருமல் வராவிட்டால் நமக்குத் தொற்று இல்லை என்ற ஃபார்வர்டு ஒன்று, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தால் வைரஸ் வயிற்றுக்குள் போய்ச் செத்துவிடும் என்று இன்னொன்று. இரண்டுமே கட்டுக்கதை. இப்படி ஒரு பக்கம் எண்ணும் இன்னொரு பக்கம் கட்டுக்கதையும் இருந்தால் விவரம் தெரிந்தவர் யார் பக்கம் சாய்வார்?

ஆனால் தப்பு மாமா பக்கம்தான். சாலை விபத்து அடுத்த மாதமும் அதே 3,700 சுமாரில்தான் இருக்கும், ஒருவருக்கு விபத்து நடந்தால் அது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒட்டிக்கொள்ளாது. 4,291 ஆக இருந்த எண் ஏப்ரல் 10 அன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரே மாதம்.

இதில் பெருக்கம் என்பது பாதிதான், தாமதம்தான் மீதி. தொற்றியவருக்கு அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆகும், சிலருக்கு 14 நாள் வரை. அதன் பிறகு நோய் முற்றி இறக்க இரண்டு மூன்று வாரம். அப்படியென்றால் இன்றைக்குப் பட்டியலில் ஏறும் சாவு என்பது மூன்று நான்கு வாரத்துக்கு முன்னால் தொற்றியவருடையது. கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று வாரத்தில் ஏழு முறை இரட்டிப்பு, அதாவது 128 மடங்கு. முதல் சாவைப் பார்த்து 'ஒரு ஆள்தானே' என்று சொல்லும்போது, அவருக்குத் தொற்றிய நாளில் இருந்ததைப்போல நூறு மடங்குக்கு மேல் ஏற்கனவே ஊருக்குள் இருக்கிறது, யார் கண்ணுக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே இந்த மாதிரி விஷயத்தில் ஆதாரம் எப்போதுமே அலட்சியமாக இருப்பவர் பக்கம்தான் இருக்கும், நிலைமை கைமீறிப் போகிற நாள் வரைக்கும். 'ஆதாரம் காட்டு, நம்புகிறேன்' என்பது வேறு எந்த விவாதத்திலும் நல்ல கொள்கை. இங்கே அந்த ஆதாரம் என்பதே சாவுகள்தான், அதுவும் மூன்று வாரம் கழித்து.

சரி, இது சாதாரண ஆட்களுக்குத் தெரியாது, நிபுணர்களுக்குமா தெரியாது? தெரியும். ஆனால் அவர்கள் மனதில் பழைய இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்று 2003 சார்ஸ். 8,098 பேருக்கு வந்தது, 774 பேர் இறந்தார்கள், அந்த ஜூலையிலேயே அடங்கிவிட்டது. ஏன் அடங்கியது என்றால், சார்ஸ் வந்தவர் நன்றாகப் படுத்த பிறகுதான், அதிலும் இரண்டாவது வாரத்தில்தான், அதிகமாகப் பரப்பினார். அதற்குள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார், தனியாக வைத்தால் சங்கிலி அறுந்துவிடும். புதிய வைரஸும் அதே குடும்பம் என்பதால் அதே போலத்தான் நடந்துகொள்ளும் என்று நினைத்தது இயல்புதான். இதுவோ அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவியது. விமான நிலையத்தில் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் கருவியைப் பிடித்தால் அது இப்படிப்பட்டவரை எப்படிப் பிடிக்கும்?

இன்னொன்று 2009 பன்றிக் காய்ச்சல். ஜூன் 11 அன்று பெருந்தொற்று என்று அறிவித்தார்கள், பயந்த அளவுக்கு அது கொல்லவில்லை, மருந்து கம்பெனிகளுக்காகத்தான் இந்தப் பயமுறுத்தலா என்று உலக சுகாதார அமைப்பு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. சூடு கண்ட பூனை கதைதான். 2020 ஜனவரி 22, 23 தேதிகளில் கூடிய அந்த அமைப்பின் அவசரக் குழு கருத்து வேறுபட்டு முடிவெடுக்காமலே கலைந்தது, 30ஆம் தேதிதான் சர்வதேச அவசரநிலை என்றார்கள். அன்றைக்குச் சீனாவுக்கு வெளியே 18 நாடுகளில் சேர்த்து 98 பேர், ஒரு சாவுகூட இல்லை. 98 பேருக்கு உலக அவசரநிலையா என்று கேட்டவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

அடுத்து அந்தச் சதவீதச் சண்டை. மார்ச் 3 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைமை இயக்குநர் டெட்ரோஸ், பதிவான நோயாளிகளில் சுமார் 3.4 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள் என்றார். ஃபார்வர்டில் வரும்போது அது 'வந்தால் நூற்றுக்கு மூன்று பேர் காலி' என்று ஆகிவிட்டது. படுக்கையில் விழுந்தவர்களுக்கு மட்டும் பரிசோதனை செய்தால் பதிவானவர்கள் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும், அதால் வகுத்தால் சதவீதம் ஏறத்தான் செய்யும். அப்போது உலகத்தில் கிட்டத்தட்ட எல்லோரையும் பரிசோதித்த மிகச் சில கூட்டங்களில் ஒன்று, ஜப்பானின் யோகோஹாமாவில் நிறுத்தி வைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பல். 3,711 பேர், 712 பேருக்குத் தொற்று, பரிசோதித்தபோது அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அறிகுறியே இல்லை. இந்த ஒரே கப்பலை வைத்து இரண்டு தரப்பும் வாதாடியதுதான் வேடிக்கை. ஒரு தரப்பு, அறிகுறி இல்லாமலே இவ்வளவு பரவுகிறதா என்று நடுங்கியது. மறு தரப்பு, பாதிப் பேருக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்று நிம்மதிப்பட்டது.

ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் மார்ச் 17 அன்று எழுதிய கட்டுரையை அப்போது 'வெறும் காய்ச்சல்' கட்சி முழுக்கப் பகிர்ந்தது. கப்பலில் அதுவரை 700க்கு 7 சாவு, ஒரு சதவீதம், அதுவும் பயணிகள் பெரும்பாலும் வயதானவர்கள், ஆகவே பொதுமக்களில் இதைவிடக் குறையும் என்றார். 0.3 சதவீதம் என்று வைத்து, அமெரிக்கர்களில் 1 சதவீதம் பேருக்குத் தொற்றினால் 10,000 சாவு என்று ஒரு உதாரணக் கணக்கும் போட்டார். தரவு மோசமாக இருக்கிறது, ஒழுங்கான ஆய்வு வேண்டும் என்ற அவருடைய புகார் முழுக்க நியாயம். ஆனால் அமெரிக்கா அந்த 10,000ஐ மூன்று வாரத்துக்குள் தாண்டிவிட்டது. சதவீதத்தை அவர் ஒன்றும் அநியாயமாகக் குறைத்துவிடவில்லை, பரவல் 1 சதவீதத்தோடு நிற்கும் என்று நினைக்கவைத்ததில்தான் கணக்கு கவிழ்ந்தது. இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில், ஒரு நாள் முன்னால் வந்த லண்டன் இம்பீரியல் கல்லூரி அறிக்கை, எதுவுமே செய்யாவிட்டால் பிரிட்டனில் 5,10,000 பேரும் அமெரிக்காவில் 22 லட்சம் பேரும் இறக்கலாம் என்றது. 'எதுவுமே செய்யாவிட்டால்' என்ற நிபந்தனை முதலில் பயமுறுத்தியவர்கள் கையில் தொலைந்தது, பிறகு 'சொன்னபடி நடக்கவில்லையே' என்று சிரித்தவர்கள் கையிலும் தொலைந்தது. தடுப்பூசிக்கு முந்தைய காலத்தில், முதியவர்கள் அதிகமுள்ள நாடுகளில், தொற்றியவர்களில் அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை இறந்தார்கள் என்று பின்னால் வந்த ஆய்வுகள் பலவும் காட்டின. 3.4 ரொம்ப அதிகம், சாதாரண ஃப்ளூவுக்குச் சொல்லும் 0.1 ரொம்பக் குறைவு.

இப்போது பயந்தவர்கள் கதைக்கு வருகிறேன், அவர்களைச் சும்மா விட்டுவிட முடியாது. மார்ச் நடுவில், இந்த வைரஸ் பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் 72 மணி நேரம் வரை உயிரோடு இருக்கலாம் என்று ஒரு ஆய்வுக்கூடச் சோதனை வந்தது. அவ்வளவுதான், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எங்கள் அத்தை வாசலில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பாக்கெட்டையும் முக்கி எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மடிப்பைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்ப்பார். செய்தித்தாள் வெயிலில் காய்ந்த பிறகுதான் உள்ளே வரும். அதே சமயம் கிருமி வந்துவிடும் என்று வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தி வைத்திருந்தார், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அந்த அறைக்குள்தான் மணிக்கணக்கில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கையை மட்டும் கழுவிக்கொண்டு.

இது அத்தையின் அறியாமை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற இடத்தில் ஒரு பாடகர் குழு மார்ச் 10 அன்று ஒத்திகைக்குக் கூடியது. 61 பேர், இரண்டரை மணி நேரம். வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள், கைகுலுக்கவில்லை, கட்டியணைக்கவில்லை, அன்றைக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை எல்லாவற்றையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள். ஒருவருக்குச் சளி மாதிரி அறிகுறி இருந்தது. 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். மூடிய அறையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து பாடினால் காற்றில் என்ன சேரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த ஒத்திகை நடந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆன பிறகு, மார்ச் 28 அன்று, கொரோனா காற்றில் பரவுவது அல்ல, இது உண்மைத் தகவல் என்று பெரிய எழுத்தில் பதிவிட்டது உலக சுகாதார அமைப்பு. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து காற்று வழிப் பரவலை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. பரப்பைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் சொன்னது 2021 ஏப்ரலில்தான். அதுவரை உலகம் பொட்டலங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு இன்றும் கோபம் இருப்பது இந்த இடத்தில்தான், மாமா மீதோ அத்தை மீதோ இல்லை. 'இன்னும் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'இல்லை' என்று சொன்னவர்கள் மீது. ஜனவரி 14 அன்று, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதற்குத் தெளிவான ஆதாரம் சீன அதிகாரிகளுக்குக் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார அமைப்பு பதிவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் தப்பில்லை, படித்தவர்கள் 'பரவாது' என்றுதான் புரிந்துகொண்டார்கள், 20ஆம் தேதி சீன நிபுணர் ஜோங் நான்ஷான் பரவுகிறது என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். முகக்கவசத்திலும் இதே கதை. பிப்ரவரி கடைசியில் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி மாஸ்க் வாங்குவதை நிறுத்துங்கள், பொதுமக்களுக்கு அதனால் பயனில்லை, மருத்துவர்களுக்குக் கிடைக்காமல் போனால் ஆபத்து என்றார். பயனில்லாத பொருள் மருத்துவருக்கு மட்டும் ஏன் என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். 'தட்டுப்பாடு இருக்கிறது, முதலில் அவர்களுக்கு விடுங்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தால் நிறையப் பேர் கேட்டிருப்பார்கள். ஏப்ரல் 3 அன்று அமெரிக்காவும் ஜூன் 5 அன்று உலக சுகாதார அமைப்பும் நிலைப்பாட்டை மாற்றியபோது, அறிவியல் என்றால் இப்படித்தான் மாறும் என்று விளக்கினார்கள். மாறட்டும். அடித்துச் சொன்ன பிறகு மாற்றினால்தான் நம்பிக்கை போகிறது.

இனி இப்படி ஒன்று வந்தால் யாரை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆளை வைத்து முடிவு செய்யாதீர்கள். சதவீதத்தோடு யாராவது வந்தால், எதை எதால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள், பதிவானவர்களாலா, தொற்றியவர்களாலா. அந்த இரண்டாவது எண்ணைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, நோய் இருக்கிறதோ இல்லையோ பொதுவாக மக்களைத் தேர்ந்தெடுத்து ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. ஸ்பெயின் 2020 ஏப்ரல் கடைசியில் 60,000 பேருக்கு மேல் அப்படிப் பார்த்தது, சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. அவ்வளவு சாவுக்குப் பிறகும் 95 சதவீதம் பேர் இன்னும் தொற்றாதவர்கள். 'எல்லோருக்கும் ஏற்கனவே வந்து போய்விட்டது' என்று அதுவரை நடந்த வாதம், குறைந்தபட்சம் அந்த நாட்டில், அந்த ஒரே ஆய்வோடு முடிந்தது. அப்படி ஒரு ஆய்வு வரும்வரை, செலவு குறைந்த, வேண்டாம் என்றால் நாளைக்கே விட்டுவிடக்கூடிய எச்சரிக்கைகளை முதல் வாரத்திலேயே எடுத்துக்கொள்வேன். ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு யாருடைய ஆதாரமும் எனக்குத் தேவையில்லை. மற்றதற்கெல்லாம் விவாதம் நடக்கட்டும், நானும் வருகிறேன்.